கீறிய கண்ணாடியும் தணிக்கையும்: சோவியத் எலக்ட்ரானிக் இசை தலைமறைவாகவா இருந்தது?

நிழற்படி | 4 நவம்பர் 2023, இரவு 9:12

சோவியத் யூனியன்ல எலக்ட்ரானிக் இசைக்குத் தடை, அதனால ஷ்னிட்கே, குபைதுலினா, அர்த்தேமியெவ்னு அந்த நாட்டு இசையமைப்பாளர்கள் எல்லாரும் ஒரு நிலவறைல ரகசியமா உக்காந்து பண்ணினாங்க, எக்ஸ்ரே ஃபிலிம்ல இசைத்தட்டா வெட்டிக் கைமாத்தினாங்கன்னு ஒரு வீடியோல சொல்றாங்க. சோலாரிஸ் படத்துல வர்ற அந்த ஒலியும் அப்படி வந்ததுதானாம். எவ்வளவு உண்மை? அதுக்கு அவங்க பயன்படுத்தின மெஷின் எப்படி வேலை செஞ்சுதுன்னும் யாராவது விளக்கினா நல்லா இருக்கும்.

ஒலிக்கீறல் | 4 நவம்பர், இரவு 11:40

மூன்று தனிக் கதைகளை அந்த வீடியோ ஒரே முடிச்சாகப் போட்டிருக்கிறது.

எக்ஸ்ரே தட்டு லெனின்கிராட் சமாசாரம். 1940களின் கடைசியில் தொடங்கியது. அதில் ஏறியவை ஜாஸ், டாங்கோ, நாட்டைவிட்டுப் போன ரஷ்யர்களின் பாட்டுகள், கடைசியில் ராக் அண்ட் ரோல். எலக்ட்ரானிக் இசைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நிலவறையும் இல்லை. மாஸ்கோவின் எலக்ட்ரானிக் இசை ஸ்டுடியோ அர்பாத் பகுதியில், இசையமைப்பாளர் ஸ்க்ரியாபின் 1915ல் இறந்த வீட்டிலேயே இருந்தது. 1922 முதல் அந்த வீடு அருங்காட்சியகம். 1960களின் பின்பாதியில் ஸ்டுடியோ முறைப்படி அமைந்தபோது அது மெலோதியாவின் கீழ் வந்தது. மெலோதியா அரசின் இசைத்தட்டு நிறுவனம். இதைவிட வெளிச்சமான இடம் மாஸ்கோவில் கிடைக்காது.

சோலாரிஸ் 1972ல் வந்த மோஸ்ஃபிலிம் படம். அதுவும் அரசுப் பணம்தான்.

இதை வைத்துக்கொண்டு தணிக்கையே இல்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். இருந்தது, நன்றாகவே வேலை செய்தது. வேலை செய்த இடம்தான் வேறு. முதலில் மெஷினைப் பற்றி எழுதுகிறேன், அது புரிந்தால் மற்றது தானாகப் புரியும்.

ஒலிக்கீறல் | 5 நவம்பர், காலை 7:25

மெஷினின் பெயர் ஏஎன்எஸ். அலெக்சாந்தர் நிகொலாயெவிச் ஸ்க்ரியாபினின் முதலெழுத்துகள். செய்தவர் எவ்கேனி முர்சின் (1914–1970). இவர் இசையமைப்பாளர் இல்லை, ராணுவ ஆராய்ச்சியில் இருந்த பொறியாளர். 1938ல் யோசனை, 1950களின் கடைசியில் முதல் கருவி. நடுவில் உலகப் போர். வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் கட்டியது.

அடிப்படை இதுதான். பழைய சினிமா ஃபிலிமின் ஓரத்தில் ஒலித்தடம் இருக்கும் அல்லவா? அதன் வழியாக ஒளி போகும், ஒளியின் ஏற்ற இறக்கத்தை போட்டோசெல் மின்சாரமாக்கும், ஸ்பீக்கர் பாடும். முர்சின் அந்தத் தடங்களை வட்டமாக்கிக் கண்ணாடித் தட்டில் போட்டார். ஒரு தட்டில் ஒன்றுக்குள் ஒன்றாக 144 வளையம். ஒவ்வொரு வளையமும் ஒரு சுத்தமான சைன் அலை, அதாவது வேறெதுவும் கலக்காத ஒற்றைச் சுருதி. தட்டு சுழல, பின்னாலிருந்து வரும் ஒளி 144 சுருதிகளில் ஒரே நேரத்தில் துடிக்கும்.

ஆக்டேவுக்கு (ஸவிலிருந்து மேல் ஸ வரை) 72 சுருதி என்று பிரித்தார். அதனால் ஒரு தட்டில் சரியாக 2 ஆக்டேவ். முதல் கருவியில் 4 தட்டு, 576 சுருதி. அடுத்த பதிப்பில் 5 தட்டு, 720 சுருதி, 10 ஆக்டேவ். தட்டுகள் எல்லாவற்றிலும் அதே தடங்கள்தான், சுழலும் வேகம் மட்டும் வேறு: ஒவ்வொன்றும் முந்தையதைவிட 4 மடங்கு வேகம். இரண்டு ஆக்டேவ் ஏற அதிர்வெண் 4 மடங்காக வேண்டும், கணக்கு முடிந்தது. ஒரு தட்டைச் சரியாகத் தயாரித்துவிட்டால் மற்ற நான்கும் அதன் நகல்.

கஷ்டமெல்லாம் அந்த ஒரு தட்டில்தான். வளையம் என்பதால் ஒரு சுற்றில் அலைகள் முழு எண்ணிக்கையில் அடங்க வேண்டும். கடைசி அலை அரைகுறையாக நின்றால் இணைப்பு வரும் இடத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு "டிக்" கேட்கும். தட்டின் மையம் இம்மி விலகினாலும் 144 சுருதியும் சேர்ந்து ஆடும்.

ஒலிக்கீறல் | 5 நவம்பர், காலை 7:58

இசை எழுதும் பக்கத்தை விட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம், அதுதான் இந்த மெஷினின் உயிர்.

720 சுருதிகளும் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கின்றன. ஒளிக்கும் போட்டோசெல்லுக்கும் நடுவில் ஒரு பெரிய கண்ணாடித் தகடு. அதன்மேல் காயாத கறுப்புப் பசை பூசியிருக்கும். இசையமைப்பாளர் அந்தப் பசையைச் சுரண்டுவார். சுரண்டிய இடத்தில் ஒளி புகும், அந்தச் சுருதி கேட்கும். மேல்கீழ் சுருதி, இடவலம் காலம். கீறலின் அகலம் கூடினால் ஒளி கூடும், சத்தமும் கூடும். தகடு ஒரு குறுகிய பிளவைக் கடந்து நகரும், அங்கே 20 போட்டோசெல், 20 ஆம்ப்ளிஃபயர், 20 ஃபில்டர். அதாவது அரை ஆக்டேவுக்கு ஒரு தொகுதி.

பசை காயாதது ஏன் முக்கியம்? தவறாகக் கீறினால் விரலால் தேய்த்து மூடிவிடலாம். கீறிய மறுநொடி தகட்டை ஓட்டிக் கேட்கலாம். அதே ஆண்டுகளில் ஜெர்மனியின் கொலோன் ரேடியோ ஸ்டுடியோவில் டேப்பை அங்குலம் அங்குலமாக வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

தகட்டை மெதுவாக நகர்த்தினால் இசை நீளும், சுருதி இறங்காது. சுருதி தட்டில் இருக்கிறது, காலம் தகட்டில் இருக்கிறது, இரண்டுக்கும் ஒட்டில்லை. தகட்டை நிறுத்தியே விட்டால் அந்தக் கணத்தின் கோர்வை அப்படியே நின்று ஒலிக்கும்.

கருவியின் பலவீனமும் இதிலேயே இருக்கிறது. பிளவுக்கும் ஓர் அகலம் உண்டு, கீறலின் விளிம்பு அதைக் கடக்க நேரம் எடுக்கும். தகடு மெதுவாக ஓடும்போது ஒவ்வொரு சுரமும் ஊறி ஊறித்தான் எழும், தட்டி எழாது. மிருதங்க அடி மாதிரி ஒன்று வேண்டுமென்றால் தகடு வேகமாக ஓட வேண்டும். வேகமாக ஓடினால் நீளம் போதாது, சின்னச் சின்னத் துண்டாகப் பதிந்து டேப்பில் சேர்க்க வேண்டும். ஏஎன்எஸ் இசை எல்லாம் மிதந்துகொண்டே இருப்பதற்கு ஆன்மிகக் காரணம் தேடுகிறவர்கள் முதலில் அந்தப் பிளவைப் பார்க்கட்டும்.

கணக்குப்பிள்ளை | 5 நவம்பர், மதியம் 1:03

72ஆ? மேளகர்த்தா ராகங்களின் எண்ணிக்கை! முர்சின் அந்த 72ஐ வகுத்த வேங்கடமகியைப் படித்திருப்பாரோ :)

ஒலிக்கீறல் | 5 நவம்பர், மதியம் 1:30

படித்திருக்க வேண்டியதில்லை. 12 அரைச்சுரத்தை ஆறாறாகப் பிரித்தால் 72. மேளகர்த்தா 72 என்பது சுரச் சேர்க்கைகளின் எண்ணிக்கை, இது சுருதிப் படிகளின் எண்ணிக்கை. வாட்ஸப்பில் கிளப்பிவிடாதீர்கள்.

கணக்குப்பிள்ளை | 5 நவம்பர், இரவு 8:47

சரி, விளையாட்டு போதும். 72 ஏன் நல்ல தேர்வு என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு படி 16.67 சென்ட் (சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு). அடிப்படைச் சுரத்தின் கோட்டை 0 என்று வைத்தால் அதன் மேற்சுரங்கள் (ஹார்மானிக், அதாவது அதன் 2, 3, 4 மடங்கு அதிர்வெண்கள்) விழும் கோடுகள்:

2வது 72, 3வது 114, 4வது 144, 5வது 167, 6வது 186, 7வது 202, 8வது 216, 9வது 228, 10வது 239, 11வது 249, 12வது 258, 16வது 288.

பிழை 3வதில் 2 சென்ட், 5வதில் 3, 7வதில் 2, 11வதில் ஒன்றரைக்கும் குறைவு. பியானோவில் 7வது மேற்சுரம் 31 சென்ட் தள்ளிப் போகும், 11வது கிட்டத்தட்ட அரைச்சுரத்தின் பாதி தள்ளிப் போகும். 13வதில்தான் 72ம் தடுமாறுகிறது, 7 சென்ட்.

இன்னொன்று. சுத்தமான காந்தாரம் (5:4) 23வது கோட்டில் வருகிறது, பியானோ காந்தாரம் 24வது கோட்டில். பக்கத்துக் கோடு! இரண்டையும் மாறி மாறிக் கேட்டால் வித்தியாசம் யாருக்கும் தெரியும்.

ஒலிக்கீறல் | 5 நவம்பர், இரவு 10:15

கணக்குப்பிள்ளையின் பட்டியலைப் பத்திரப்படுத்துங்கள், பின்னால் வேண்டும். 1969ல் ஷ்னிட்கே இந்த மெஷினில் செய்த "பத்தோக்" (ஓட்டம்) மேற்சுர வரிசையை வைத்துக் கட்டியதுதான். பியானோவின் 12 சுரத்தில் கிடைக்காத கட்டுமானப் பொருள் அவருக்கு இங்கே கிடைத்தது. அதற்குப் பிறகு இந்தக் கருவியில் அவர் பெரிதாகத் தங்கவில்லை.

நிழற்படி | 6 நவம்பர், காலை 10:20

ரெண்டு பக்கத்துக் கோட்டைச் சேத்துக் கீறினா என்ன ஆகும்?

ஒலிக்கீறல் | 6 நவம்பர், காலை 10:52

அதிரும். 440 ஹெர்ட்ஸில் ஒரு படி தள்ளினால் 444.26. நொடிக்கு நான்கு தடவைக்கு மேல் ஏறி இறங்கும். 110 ஹெர்ட்ஸில் அதே ஒரு படி நொடிக்கு ஒரு தடவைதான். 3,520ல் போய்ப் பார்த்தால் நொடிக்கு 34, அது அதிர்வாகவே கேட்காது, கரகரப்பாகக் கேட்கும். ஒரே தடிமன் கோடு கீழே இழுத்தால் அலை, மேலே இழுத்தால் சொரசொரப்பு. படம் ஒன்றுதான், ஒலி வேறு. வரைகிறவர்கள் எல்லாரும் முதலில் மாட்டிக்கொள்ளும் இடம் இது.

பத்து இருபது கோட்டை மொத்தமாகச் சுரண்டினால் இரைச்சல் மாதிரி வரும். கடலோசைக்கும் காற்றுக்கும் அதுதான் வழி. ஆனால் உண்மையான இரைச்சல் அல்ல, ஒழுங்கான இடைவெளியில் நிற்கும் சைன் அலைகளின் கும்பல். நீண்ட நேரம் ஒரே அகலத்தில் வைத்தால் உலோகம் மாதிரி ஒரு மினுக்கம் வெளியே தெரிந்துவிடும். மேல்கீழ் விளிம்பைக் கொஞ்சம் கோணலாக, மாறிக்கொண்டே இருக்குமாறு சுரண்ட வேண்டும்.

ரீல்மாற்றி | 6 நவம்பர், இரவு 9:05

எக்ஸ்ரே தட்டைப் பற்றி நான் சொல்கிறேன்.

லெனின்கிராடில் நெவ்ஸ்கி சாலை 75ல் ஸ்தனிஸ்லாவ் ஃபிலோன் என்பவர் 1946ல் ஒலிப்பதிவுக் கடை வைத்தார். போரில் கைப்பற்றிய டெலிஃபுன்கன் தட்டு வெட்டும் இயந்திரம் அவரிடம் இருந்தது. அதைப் பார்த்து ரஸ்லான் பகஸ்லோவ்ஸ்கி சொந்தமாக ஒன்று செய்தார். போரிஸ் தாய்கின் கூட்டுச் சேர்ந்தார். "தங்க நாய்" என்று குழுவுக்குப் பெயர் வைத்தார்கள். 1950ல் கைதாகிச் சிறைக்குப் போனார்கள், வெளியே வந்து மறுபடியும் வெட்டினார்கள்.

ஆஸ்பத்திரி கழித்துப்போட்ட எக்ஸ்ரே ஃபிலிம், கத்தரிக்கோலால் வட்டம், நடுவில் சிகரெட்டால் சுட்ட ஓட்டை. நிமிடத்துக்கு 78 சுற்று, ஒரு பக்கம் மட்டும், மூன்று நிமிடம் சொச்சம். சில தடவை ஓட்டினால் காடி (ஊசி ஓடும் பள்ளம்) தேய்ந்துவிடும்.

ஏஎன்எஸ் இசை இதில் ஏன் ஏறாது என்றால், அந்த ஓட்டையே காரணம். காடியின் ஆரம் 10 சென்டிமீட்டர் இருக்கும் இடத்தில் ஓட்டை 1 மில்லிமீட்டர் தள்ளிப் போனால் வேகம் கூட்டியும் குறைத்தும் 1 சதவீதம் ஆடும். 1 சதவீதம் என்பது 17 சென்ட். அதாவது முர்சினின் ஒரு முழுப் படி! உள்வட்டத்துக்குப் போகப் போக ஆட்டம் இன்னும் கூடும். பாட்டு என்றால் குரல் கொஞ்சம் நடுங்கும், ஆட வந்தவன் கண்டுகொள்ள மாட்டான். நீண்டு நிற்கும் சைன் அலை என்றால் குடித்த சங்கு.

ஒலிக்கீறல் | 6 நவம்பர், இரவு 9:31

குடித்த சங்கு :)) ஆண்டுக்கணக்கும் ஒத்துவரவில்லை. டேப் ரிக்கார்டர் வீடுகளுக்குள் வந்த பிறகு எக்ஸ்ரே தட்டு அடங்கிவிட்டது. மாஸ்கோ ஸ்டுடியோ அமைந்தது அதற்கும் பிறகு.

ரீல்மாற்றி | 6 நவம்பர், இரவு 10:10

ஆமாம், டேப்தான் பெரிய திருப்பம். தட்டச்சுப் பிரதி எடுத்தால் எழுத்துருவை வைத்து ஆளைப் பிடிக்கலாம், நகல் இயந்திரங்கள் பூட்டுக்குள் இருந்தன. டேப் ரிக்கார்டரோ கடையில் விற்றது. ஷோஸ்த்காவின் ஸ்வேமா, கசானின் தாஸ்மா என்று டேப்பும் உள்நாட்டிலேயே தயாரானது. 18 செ.மீ ரீலில் சுமார் 350 மீட்டர். நொடிக்கு 9.53 செ.மீ வேகத்தில் ஒரு பக்கம் ஒரு மணி நேரம், 19.05ல் அரை மணி. கிதார் பாட்டுகள் அப்படித்தான் நாடு முழுக்கப் பரவின.

ஒவ்வொரு நகலுக்கும் உயர் அதிர்வெண் கொஞ்சம் விழும், சீற்றம் கொஞ்சம் ஏறும். நாலைந்து கை மாறினால் மேல் ஆக்டேவ் போச்சு. கிதாருக்கும் குரலுக்கும் அது பரவாயில்லை. 10 ஆக்டேவ் இசைக்கு அந்த மேல் ஆக்டேவில்தான் பாதி விஷயம் இருக்கிறது.

நிழற்படி | 7 நவம்பர், காலை 8:15

அப்ப தணிக்கை எங்க வேலை செஞ்சுதுன்னு இன்னும் சொல்லலையே?

ஒலிக்கீறல் | 7 நவம்பர், இரவு 9:50

வருகிறேன். இது நீளும்.

1948 பிப்ரவரி 10ல் கட்சியின் மத்தியக் குழு ஒரு தீர்மானம் போட்டது. சாக்கு வானோ முரதேலியின் "மாபெரும் நட்பு" என்ற ஓபெரா. அடி விழுந்தது ஷோஸ்தகோவிச், புரகோஃபியெவ் உள்ளிட்ட பெரிய தலைகள்மேல். குற்றச்சாட்டு ஃபார்மலிசம், மக்களுக்குப் புரியாத உருவ விளையாட்டு. அதே ஆண்டு திகோன் கிரென்னிகோவ் இசையமைப்பாளர் சங்கத்தின் தலைமைக்கு வந்தார். 1991 வரை அசையவில்லை. ஸ்டாலின், குருஷேவ், பிரெஷ்நேவ், கார்பசேவ் எல்லாரையும் பார்த்த நாற்காலி.

இந்தச் சங்கத்தை அரட்டை மன்றமாக நினைக்கக் கூடாது. பிழைப்பு அதன் வழியாகத்தான். வீடு, ஓய்வு இல்லம், வெளிநாட்டுப் பயண அனுமதி, அச்சு, கச்சேரி எல்லாம். புதுப் படைப்பை சகாக்கள் முன்னால் காட்ட வேண்டும். ஸ்கோரை விரித்து வைத்துப் பியானோவில் வாசித்துக் காட்டுவார்கள், குழு கேட்டு அபிப்பிராயம் சொல்லும். அமைச்சகம் வாங்கினால் பணம். சிம்ஃபொனிக்கு ஒரு விலை, நால்வர் இசைக்கு ஒரு விலை, பாட்டுக்கு ஒரு விலை.

இப்போது அந்தக் கறுப்புக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு அந்தக் குழுவுக்கு முன்னால் போய் நில்லுங்கள். பியானோவில் எதை வாசிப்பீர்கள்? எந்த விலைப்பட்டியலில் வருவீர்கள்? யாரும் "கூடாது" என்று சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை. வாசிக்க ஸ்கோர் இல்லை, மேடையில் வாசிப்பவர் இல்லை, வாங்க வகை இல்லை. என் பார்வையில் தணிக்கை கெட்டியாக வேலை செய்தது இந்த இடத்தில்தான். தடை செய்த பாட்டுக்குக் கள்ளச்சந்தையில் கிராக்கி வரும். வகையே இல்லாத இசைக்கு அதுவும் வராது.

இன்னொரு கழுத்துப்பிடி, கருவி. இந்த மாதிரி வேலைக்கு ஏற்ற கருவி நாட்டிலேயே ஒன்று. கதவைத் திறந்துவிடுவது முர்சினும் ஸ்டுடியோவும். கொலோன், பாரிஸ், மிலான் போல ரேடியோ நிலையத்தின் பட்ஜெட் பின்னால் இல்லை.

ஒலிக்கீறல் | 7 நவம்பர், இரவு 10:34

தப்பிக்க இருந்த சந்து சினிமா. அங்கே ஸ்கோரை யாரும் விரித்துப் பார்ப்பதில்லை. விண்கலம் பறக்கிறது, வேற்றுக் கிரகம் தெரிகிறது, அதற்கு விசித்திரமான ஒலி வேண்டும். கச்சேரியில் ஃபார்மலிசம், படத்தில் அறிவியல் புனைவு! ககாரின் 1961ல் பறந்த பிறகு விண்வெளிக்கு எல்லாக் கதவும் திறந்தது. 1963ல் வந்த "மெச்தே நவ்ஸ்த்ரேசு" (கனவை நோக்கி) படத்தில் ஏஎன்எஸ் ஒலி இருக்கிறது. இசை இருவர் பெயரில்: இளம் அர்த்தேமியெவ், கூடவே வானோ முரதேலி. ஆமாம், 1948 தீர்மானத்தில் பெயர் வந்த அதே முரதேலி.

அர்த்தேமியெவ் (1937–2022) மாஸ்கோ கன்சர்வேடரியை (இசைக் கல்லூரி) முடித்த கையோடு 1960ல் முர்சினிடம் போனவர். இந்தக் கருவியில் அவரளவு ஊறியவர்கள் குறைவு. 1967ல் "மொசைக்" செய்தார். சோலாரிஸுக்கு அதன் இயக்குநர் தார்க்கோவ்ஸ்கி அவரிடம் வழக்கமான பின்னணி இசை கேட்கவில்லை, இயற்கை ஒலிகளை இசைபோல ஒழுங்கு செய்யச் சொன்னார். இசைக்கு ஜெர்மன் மேதை பாக்கின் எஃப் மைனர் கோரல் பிரெலூட் (ஆர்கன் இசை) இருந்தது. கிரகத்துக்கு ஏஎன்எஸ். 1980ல் மாஸ்கோ ஒலிம்பிக்ஸுக்கும் அர்த்தேமியெவ்தான் எழுதினார். இவரைத் தலைமறைவு என்று எப்படிச் சொல்வது?

ஷ்னிட்கேயும் 60க்கு மேற்பட்ட படங்களுக்கு இசையமைத்துத்தான் குடும்பம் நடத்தினார்.

ரீல்மாற்றி | 8 நவம்பர், காலை 6:55

எல்லாரையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம். இன்னொரு இசையமைப்பாளர் தெனிசோவ், குபைதுலினா இருவர் நிலைமை வேறு. 1966ல் தெனிசோவ் ஓர் இத்தாலியப் பத்திரிகையில் சோவியத் இளம் இசையமைப்பாளர்களைப் பற்றிக் கட்டுரை எழுதி நன்றாக மாட்டிக்கொண்டார். 1979 நவம்பரில் சங்கத்தின் மாநாட்டில் கிரென்னிகோவ் ஏழு பேரைப் பெயர் சொல்லித் திட்டினார்: ஃபிர்சோவா, ஸ்மிர்னோவ், கினாய்ஃபெல், சூஸ்லின், அர்த்யோமோவ், குபைதுலினா, தெனிசோவ். அனுமதியில்லாமல் மேற்கத்திய விழாக்களில் அவர்கள் இசை ஒலித்ததுதான் காரணம். அதன்பின் ரேடியோ, டிவி, அச்சு எல்லாம் மூடிக்கொண்டன.

ஒலிக்கீறல் | 8 நவம்பர், காலை 7:20

சேர்த்துக்கொள்கிறேன். கவனியுங்கள், அந்த ஏழில் இருவர் ஏஎன்எஸ் ஸ்டுடியோவில் வேலை செய்தவர்கள். தெனிசோவின் "பறவைகளின் பாட்டு" (1969), குபைதுலினாவின் "உயிருள்ளது – உயிரற்றது" (1970). ஆனால் 1979ல் அடி வாங்கியது அந்த டேப்புகளுக்காக அல்ல, மேடை இசைக்காக. டேப்புகள் அலமாரியில் கிடந்தன. ஷ்னிட்கே, குபைதுலினா, தெனிசோவ், அர்த்தேமியெவ் நால்வரையும் சேர்த்து மெலோதியா எல்பியாகப் போட்டது 1990ல்! இருபது ஆண்டு.

குபைதுலினாவின் படைப்பில் மனிதக் குரல், சிரிப்பு, மணி ஒரு பக்கம்; ஏஎன்எஸ் மறுபக்கம். பாதியில் எது எது என்று தெரியாமல் போகும். மணியின் மேற்சுரங்கள் ஒழுங்கான வரிசையில் நிற்காதவை, அவற்றை 72 படியில் கீறிப் பிடிக்க முடிகிறது. அங்கேதான் அவர் விளையாடுகிறார்.

கணக்குப்பிள்ளை | 8 நவம்பர், இரவு 9:40

கை படாமல் வாசிக்கும் மின்கருவியைச் செய்த அந்த ஆள் தெரெமின் என்ன ஆனார்? அவரும் அப்போது மாஸ்கோவில்தானே?

ஒலிக்கீறல் | 8 நவம்பர், இரவு 10:05

அங்கேதான், கன்சர்வேடரியில். கோலிமா கட்டாய உழைப்பு முகாம், கைதி விஞ்ஞானிகள் கூடம், அமெரிக்கத் தூதர் வீட்டு ஒட்டுக்கேட்புக் கருவி எல்லாம் தாண்டி 1960களில் ஒலியியல் ஆய்வகத்தில் மறுபடியும் இசைக்கருவி செய்துகொண்டிருந்தார். 1967ல் நியூயார்க் டைம்ஸில் ஹெரால்ட் ஷோன்பெர்க் அவரைப் பற்றி எழுதினார். மேற்கில் பலர் இறந்துவிட்டதாக நினைத்த மனிதர் உயிரோடு! செய்தி வந்த சூட்டில் நிர்வாகம் அவரை வெளியேற்றியது, கருவிகளை உடைத்துப் போட்டது. அதே ஊர், அதே ஆண்டுகள். ஒருவருக்கு ஸ்டுடியோ, ஒருவருக்குக் குப்பைத்தொட்டி. சட்டம் ஒன்றுதான் என்று தேடினால் குழம்பிப் போவீர்கள். எந்த அலுவலகத்தில் யார் உட்கார்ந்திருந்தார் என்பதைப் பொறுத்தது.

ஒலிக்கீறல் | 9 நவம்பர், காலை 7:10

முர்சின் 1970ல் இறந்தார். மெலோதியா லண்டனின் இஎம்எஸ் நிறுவனத்திடமிருந்து சிந்தி 100 வாங்கியது. பெரிய அலமாரி அளவு அனலாக் சிந்தசைசர். பலரும் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள், தார்க்கோவ்ஸ்கியின் 1979 படமான ஸ்டாக்கரில் கேட்பது அதுதான். 1970களின் நடுவில் ஸ்டுடியோ மூடப்பட்டது. ஏஎன்எஸ் மாஸ்கோ பல்கலைக்கழகத்துக்குப் போயிற்று. இசையமைப்பாளர் ஸ்தனிஸ்லாவ் கிரெய்ச்சி அதைக் கவனித்துக்கொண்டிராவிட்டால் பழைய இரும்பு விலைக்குப் போயிருக்கும். 2007ல் மாஸ்கோவின் கிளிங்கா இசை அருங்காட்சியகத்துக்கு வந்தது.

நிழற்படி | 11 நவம்பர், மாலை 6:30

இதையெல்லாம் படிச்சிட்டு அலெக்சாந்தர் சோலத்தோவ் செஞ்ச விர்ச்சுவல் ஏஎன்எஸ்ங்கற நிரல இறக்கினேன், படத்த ஒலியாக்கும். ஒரு கோபுர போட்டோவ உள்ள போட்டேன். வெறும் "உஷ்ஷ்ஷ்". என்ன தப்பு?

ஒலிக்கீறல் | 11 நவம்பர், இரவு 8:45

போட்டோவைப் போட்டதுதான் தப்பு. அந்த நிரலில் வெளிச்சம் என்றால் சத்தம். பகல் வானம் முழுக்க வெள்ளை, அது முழு ஆக்டேவ் கணக்கில் எல்லாச் சுருதியும் ஒரே நேரத்தில் கத்துவது. அதுவும் வானம் படத்தின் மேல்பாதியில், அதாவது உயர் அதிர்வெண்ணில். உஷ் என்றுதான் வரும்.

இப்படிச் செய்யுங்கள். முழுக் கறுப்புப் படம், உயரம் 720 புள்ளி (பிக்சல்), ஆக்டேவுக்கு 72 என்று அமையுங்கள். ஜேபெக் வேண்டாம், பிஎன்ஜியாகச் சேமியுங்கள். ஜேபெக் சுருக்கத்தில் கோட்டைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத சாம்பல் துகள் சேரும், கண்ணுக்குத் தெரியாதது காதுக்குத் தெரியும். தூரிகையின் விளிம்பு மழுங்கலாக இருந்தாலும் இதே கதி: ஒரு கோடு என்று நினைத்து ஐந்து கோடு போட்டிருப்பீர்கள், 440ல் நான்கு நான்காக அதிரும். தூரிகை 1 புள்ளி, விளிம்பு கூர்மை.

கீழிருந்து 100வது வரியில் ஒரு நீளக்கோடு. பிறகு கணக்குப்பிள்ளையின் பட்டியல்: 172, 214, 244, 267, 286, 302, 316. மேலே போகப் போக வெளிச்சத்தைக் குறையுங்கள், இரண்டாவது பாதி, மூன்றாவது மூன்றில் ஒன்று என்று. எட்டும் சேர்ந்து ஒரே சுரமாகக் கேட்க வேண்டும். எட்டு தனித்தனியாகக் கேட்டால் வெளிச்சம் சரியில்லை.

நிழற்படி | 12 நவம்பர், காலை 9:02

வந்துடுச்சு! ஹார்மோனியம் மாதிரி. ஆனா உயிரே இல்ல.

ஒலிக்கீறல் | 12 நவம்பர், காலை 9:40

எட்டுக் கோடும் ஒரே இடத்தில் தொடங்கி ஒரே இடத்தில் முடிகின்றன, அதனால்தான். 302ஐயும் 316ஐயும் கால் நொடி தாமதமாகத் தொடங்கி முதலில் முடியுங்கள். 267ஐ நடுவில் ஒரே ஒரு வரி ஏற்றி 268க்குக் கொண்டுபோய் இறக்குங்கள். சுத்தமான காந்தாரம் பியானோ காந்தாரமாகி மறுபடி திரும்பும்.

முழுக் கோர்வையையும் பஞ்சமத்துக்கு ஏற்ற வேண்டுமானால் படத்தைத் தேர்ந்தெடுத்து 42 வரி மேலே நகர்த்தினால் போதும். சாய்கோடு இழுத்துக் கமகம் பண்ணப் பார்த்தால் 17 சென்ட் படிக்கட்டு மெதுவான வேகத்தில் கேட்டுவிடும். அப்போது மட்டும் ஆக்டேவுக்கு 72ஐ விட்டுவிட்டு இன்னும் நெருக்கமான கோடு வைத்துக்கொள்ளுங்கள், முர்சினுக்கு அந்த வசதி இருக்கவில்லை.

கணக்குப்பிள்ளை | 12 நவம்பர், காலை 10:11

ஒரு எச்சரிக்கை: 100வது மேற்சுரத்துக்கு மேல் பட்டியல் கேட்காதீர்கள். 103ஐத் தாண்டினால் அடுத்தடுத்த இரண்டு மேற்சுரத்துக்கு நடுவே ஒரு வரிகூட இருக்காது. அதுவரை வேண்டுமானால் தட்டச்சு செய்து தருகிறேன்.

நிழற்படி | 12 நவம்பர், காலை 10:15

32 வரைக்கும் போதும் சார்.